பட்டுப்போன மலையில் மீண்டும் கொடி நட்ட டோனா அன்ரோனியா

பாரிஸில் நான் வேலை செய்யும் உணவகம் சிறியது. வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவினேன். பிறகு குசினியில் மரக்கறி வெட்டினேன். இப்போது மேசைகளுக்குப் பரிமாறுகிறேன். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைத் தந்தார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சின்னக் கிளாஸில் கொடுக்கும் போர்ட் வைனில் மூன்று போத்தல்களை நானே தெரிவு செய்ய வேண்டும். வாத்திறைச்சிக்குச் சாறு சுண்டவைக்கும்போது குசினியில் ஊற்றும் மலிவான சிவப்புப் போத்தலைத் தவிர, போர்ட் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் போர்த்துக்கேயர் ஒருவரின் கடை இருக்கிறது. வயதானவர். மூன்று போத்தல்கள் வேண்டும், எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றேன். அவர் ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்து, அதிலிருந்த பெயரைக் காட்டினார். ஃபெரெய்ரா. இது ஒரு குடும்பத்தின் பெயர்தான், ஆனால் இந்தப் பெயரைக் கேட்டால் தங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு பெண் என்றார். 33 வயதில் கணவனை இழந்தவர், நோய் வந்து மலையெல்லாம் பட்டுப்போனபோது மற்றவர்கள் விட்டுப்போக, தான் நின்று மீண்டும் நட்டவர் என்று அவர் சொன்னபோதுதான் நான் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வலிகாமம் வடக்கில் எங்களுக்கு இரண்டு பரப்பில் ஒரு திராட்சைப் பந்தல் இருந்தது. 1990இல் அதை விட்டு வெளிக்கிட்டோம். 1995இல் வன்னிக்குப் போனோம். 2009இல் அப்பாவை அந்த மண்ணில் விட்டுவிட்டு அம்மா தனியாகத் திரும்பினார். பல வருடங்கள் கழித்துக் காணி விடுபட்டபோது அங்கே பந்தலும் இல்லை, வீடும் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. அம்மாவுக்கு அப்போது 70 வயதைத் தாண்டியிருந்தது. பந்தல் போடத் தூண்களுக்கும் கம்பிக்கும் காசு அனுப்பச் சொல்லிக் கேட்டார். இந்த வயதில் எதற்கு, யார் பார்ப்பது என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் குடி எத்தனை வீடுகளை அழித்தது என்று பார்த்தவன் நான். குடியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு போத்தலைத் தெரிவு செய்யப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன்.

போர்ட் என்பது என்ன என்று விளங்கிக்கொள்ள நமக்குப் பனை போதும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் அது புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். அதைக் கருப்பநீர் என்கிறோம். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். போர்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. திராட்சைச் சாற்றை இரண்டு மூன்று நாட்கள் புளிக்க விடுவார்கள். இனிப்பில் பாதி மீதம் இருக்கும்போதே 77 வீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை, மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரும்படி ஊற்றுவார்கள். புளிப்பது அந்த இடத்திலேயே நின்றுவிடும். சாற்றின் இனிப்பும் சாராயத்தின் வலுவும் சேர்ந்து 19 முதல் 22 வீதம் வரை மதுசாரம் உள்ள வைனாகும். சாதாரண வைனைவிடப் பல மடங்கு காலம் கெடாமல் இருக்கும்.

இதன் வரலாற்றுக்குள்ளும் போர்தான் இருக்கிறது. இங்கிலாந்தும் பிரான்ஸும் மாறி மாறிச் சண்டை பிடித்ததால் ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு வைன் கிடைக்காமல் போனது. அவர்கள் போர்த்துக்கல் பக்கம் திரும்பினார்கள். 1703இல் இரு நாடுகளும் வணிக ஒப்பந்தம் செய்தன. கடல் வழியில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்த சாராயம், காலப்போக்கில் அந்த வைனின் இயல்பாகவே ஆனது. 1756இல் போர்த்துக்கேய அரசு டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் எந்த நிலத்தில் விளைவதைப் போர்ட் என்று விற்கலாம் என்று எல்லை வகுத்தது.

அந்தப் பள்ளத்தாக்கில், ரெகுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள கொடிங்கில், 1811 ஜூலை 4ஆம் திகதி அன்ரோனியா அடிலெய்ட் ஃபெரெய்ரா பிறந்தார். அது நெப்போலியனின் படைகள் போர்த்துக்கலுக்குள் மூன்று தடவை புகுந்து போன காலம். அவர் பிறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1809 மார்ச்சில், போர்ட்டோ நகரத்து மக்கள் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து ஆற்றைக் கடக்க ஓடினார்கள். படகுகளைச் சேர்த்துக் கட்டியிருந்த பாலம் பாரம் தாங்காமல் உடைந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆற்றில் போனார்கள். அந்த ஆற்றங்கரையில் இன்றும் அவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறார்கள்.

அவர் வளர்ந்து பெண்ணானபோது உள்நாட்டுப் போர் வந்தது. அரசுரிமைக்காக அண்ணன் தம்பி இருவர் மோதினார்கள். 1832 ஜூலை முதல் ஒரு வருடத்துக்கும் மேலாகப் போர்ட்டோ முற்றுகையில் கிடந்தது. பட்டினியும் வாந்திபேதியும் நகரத்தைத் தின்றன. 1833 ஓகஸ்டில் பின்வாங்கிய படை, ஆற்றின் மறுகரையில் இருந்த வைன் களஞ்சியங்களுக்குத் தீ வைத்தது. ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் வெடித்து வைன் ஆற்றில் ஓடியது. அடுத்த வருடம் போர் முடிந்தது. அதே 1834இல் அன்ரோனியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெரியப்பா சித்தப்பா முறையில் வந்த சொந்தம். நிலமும் வணிகமும் குடும்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் செய்துவைத்த திருமணம்.

கணவர் அன்ரோனியோ பெர்னார்டோ, நகரத்து ஆடம்பரத்தில் பிரியமானவர். செலவாளி. அன்ரோனியாவுக்குத் தோட்டத்தில்தான் மனம். 1844இல் கணவர் இறந்தார். கையில் ஒரு மகன், ஒரு மகள். தலையில் பெரிய நிலமும் அதைவிடச் சிக்கலான கணக்குகளும். அக்காலத்தில் வைன் வணிகம் முழுக்க ஆண்களின் கையில் இருந்தது. வாங்குபவர்களில் பலர் ஆங்கிலேயர். அப்படியான இடத்தில் 33 வயதுக் கைம்பெண் ஒருவர் கணக்குப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோட்டங்களைத் தானே போய்ப் பார்த்தார். பள்ளத்தாக்கில் அவரை ஃபெரெய்ரிஞ்ஞா, அதாவது சின்ன ஃபெரெய்ரா, என்று செல்லமாக அழைக்கத் தொடங்கினார்கள்.

சொத்துள்ள கைம்பெண்ணை அதிகாரம் சும்மா விடுவதில்லை. 1850களில் நாட்டின் மிகப் பலம் வாய்ந்த மனிதர் சல்டாஞ்ஞா பிரபு. படைத் தளபதி, பிரதமரும் அவர்தான். அன்ரோனியாவின் மகளைத் தன் மகனுக்குக் கட்டித்தரச் சொல்லிக் கேட்டார். மகள் அப்போது சிறுமி. அன்ரோனியா மறுத்தார். பிள்ளையைக் கடத்திவிடுவார்கள் என்ற பயம் வந்ததும், மகளையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஸ்பெயினுக்குள் போனார். அங்கிருந்து இலண்டனுக்குப் போய்த் தங்கினார். நாட்டின் பெரும் பணக்காரிகளில் ஒருவராக இருந்தும், பிள்ளையைக் காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி ஊரை விட்டு ஓடுவதுதான். இலண்டனில் இருந்தபோது, தன் தோட்டங்களை நிர்வகித்து வந்த பிரான்சிஸ்கோ டா சில்வா ரொரெஸை 1856இல் மறுமணம் செய்துகொண்டார். பின்னர் ஊர் திரும்பினார்.

போன வருடம் விடுமுறையில் நான் போர்ட்டோவிலிருந்து டோரோ ரயிலில் ஏறினேன். கடைக்காரர் சொன்ன இடங்களைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. கடைசி நிலையமான பொசிஞ்ஞோவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பாதி வழிக்குப் பிறகு தண்டவாளம் ஆற்றின் ஓரத்திலேயே போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. மண் என்று சொல்ல முடியாது, தகடு தகடாக உடையும் கல். அந்தக் கல்லை உடைத்து, அடுக்கி, படிப்படியாகச் சுவர் கட்டி, படிகளில் கொடி நட்டிருக்கிறார்கள். வேர் கல்லின் வெடிப்புக்குள் இறங்கித் தண்ணீர் தேடும். இத்தனையும் கைவேலை. ஸ்பெயினின் கலிசியாவிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகளும் இந்தச் சுவர்களைக் கட்டியவர்களில் அடக்கம்.

வலெய்ரா என்ற இடத்தில் ஆறு ஒடுங்குகிறது. இப்போது அணைக்கட்டு இருப்பதால் தண்ணீர் குளம் போலக் கிடக்கிறது. முன்பு அது படகுகளை விழுங்கும் நீரோட்டம். 1861 மே 12ஆம் திகதி அன்ரோனியா போன படகு அங்கேதான் கவிழ்ந்தது. அதே படகில் ஜோசப் ஜேம்ஸ் ஃபொரெஸ்டரும் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து போர்ட்டோவில் வைன் வணிகம் செய்தவர், டோரோ ஆற்றுக்கு முதன்முதல் நுணுக்கமான வரைபடம் வரைந்தவர். வைனுக்குள் சாராயம் ஊற்றுவது கலப்படம், திராட்சையை அதன்பாட்டில் முழுதாகப் புளிக்க விட வேண்டும் என்று 1844இலிருந்து வாதாடி வந்தவரும் அவர்தான். அன்று அவர் நீரில் மூழ்கினார். உடல் கிடைக்கவே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த காசுப் பட்டியின் பாரம் அவரைக் கீழே இழுத்தது என்றும், அன்ரோனியா அணிந்திருந்த அகன்ற வளையப் பாவாடை அவரை மிதக்க வைத்தது என்றும் அந்த ஊரில் இன்றும் கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, அவர் பிழைத்தார். ஃபொரெஸ்டரின் வாதம் தோற்று, சாராயம் சேர்ப்பதே போர்ட்டின் வழியாக நிலைத்தது.

தண்ணீருக்குத் தப்பியவரை நிலத்தில் இன்னொன்று காத்திருந்தது. 1850களின் தொடக்கத்தில் ஏற்கெனவே ஒருவகைப் பூஞ்சண நோய் வந்து குலைகளைச் சாம்பல் பூத்தது போல ஆக்கியிருந்தது. அதற்குக் கந்தகத் தூள் மருந்தாகக் கிடைத்தது. 1860களில் வந்தது அதைவிடக் கொடியது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்த, கண்ணுக்குத் தெரிவதே கடினமான ஒரு சிறு பூச்சி. ஃபிலொக்செரா என்று பெயர். அது வேரில் இருந்து சாற்றை உறிஞ்சும். கொடி இரண்டு மூன்று வருடங்களில் பட்டுவிடும். மருந்து எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. டோரோவில் தோட்டம் தோட்டமாகப் பட்டது. சிறு கமக்காரர் கடனில் விழுந்தார்கள். பலர் நிலத்தைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள்.

இந்த நெருக்கடியில் அன்ரோனியா செய்தவற்றுக்காகத்தான் அவரை இன்றும் நினைக்கிறார்கள். விலை விழுந்து வாங்க ஆளில்லாமல் கிடந்த வைனை அவர் வாங்கிச் சேர்த்தார். விவசாயிக்குக் கையில் காசு கிடைத்தது. தட்டுப்பாடு வந்தபோது அதையே நல்ல விலைக்கு அவர் விற்றார். பூச்சியைப் பற்றியும் நடும் முறைகளைப் பற்றியும் வெளிநாட்டில் தேடி அறிந்தார். பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டுவதே கடைசியில் ஐரோப்பா முழுவதும் பலித்த வழி. அதற்கு மலையை மறுபடியும் கிளற வேண்டும், புதுக் கன்று வேண்டும், காய்க்கும் வரை கூலி கொடுக்க வேண்டும். காசு இருந்தவர்களால்தான் அது முடிந்தது.

இதையும் மறைக்கக் கூடாது. மற்றவர் விற்ற நிலத்தை வாங்கியதால்தான் அவருடைய நிலம் பெருகியது. இறக்கும்போது முப்பதளவு தோட்டங்கள் அவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள். பசியில் விற்றவனுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவருடைய நல்ல மனம் மட்டும் அழித்துவிடாது. ஆனாலும் அவர் வாங்கிய நிலத்தை விலையேறும் வரை சும்மா போட்டு வைக்கவில்லை. நட்டார், பாதை போட உதவினார், பள்ளத்தாக்கு மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார், கூலிக்காரருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. ஏழைகளின் தாய் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ரயில் ஜன்னலால் பார்த்தால் பச்சைப் படிகளுக்கு நடுவே பற்றை மூடிய வெறும் படிகள் தெரியும். சுவர்கள் இடிந்து கிடக்கும். அவை பூச்சி வந்த காலத்தில் கைவிடப்பட்டவை, பிறகு யாருமே திரும்ப நடாத நிலங்கள். அவற்றைச் செத்தவர்களின் இடம் என்ற பொருள் வரும் சொல்லால் அந்த ஊரார் அழைக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வலிகாமத்தில் பற்றைக்குள் நிற்கும் வீட்டுச் சுவர்கள் ஞாபகத்துக்கு வந்தன. கொஞ்ச நேரம் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி நிலையமான பொசிஞ்ஞோவுக்குப் பக்கத்தில் வலே மியாவ் என்ற தோட்டம் இருக்கிறது. 1877இல் நகரசபை ஏலத்தில் விட்ட அந்த நிலத்தை அன்ரோனியா வாங்கினார். 300 ஹெக்டேயர் அளவு. கொடியே நட்டிராத காட்டு நிலம். போக வரச் சரியான பாதையும் இல்லை. அப்போது அவருக்கு 66 வயது. மூன்று வருடங்களில் இரண்டாவது கணவரும் இறந்தார். அவர் வேலையை நிறுத்தவில்லை. ரயில் 1879இல் ரெகுவாவுக்கும் 1887இல் பொசிஞ்ஞோவுக்கும் வந்தது. வீடு, களஞ்சியம், திராட்சை மிதிக்கும் கருங்கல் தொட்டிகள், தேவாலயம் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன. அவை முடிவதற்கும் அவருடைய வாழ்வு முடிவதற்கும் இடையே அதிக காலம் இருக்கவில்லை. 1896 மார்ச் 26ஆம் திகதி, 84 வயதில், ரெகுவாவில் இறந்தார். அந்தத் தோட்டத்தின் நல்ல காலத்தை அவர் பார்க்கவில்லை. 1952இல் பார்கா வெல்யா என்ற, போர்த்துக்கலின் மிகப் புகழ்பெற்ற சாதாரண வைன் முதன்முதலில் அந்த நிலத்துத் திராட்சையில்தான் செய்யப்பட்டது. அப்போது அவர் இறந்து 56 வருடங்கள் ஆகியிருந்தன. டோரோ பள்ளத்தாக்கு 2001இல் உலக மரபுரிமைச் சின்னமானது.

மூன்று போத்தல்களை நான் தெரிவு செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதல் வாங்குபவர் யாருக்கும் இது உதவும். முதலாவது ரூபி. பெரிய மரத் தொட்டியிலோ துருப்பிடிக்காத உருக்குத் தொட்டியிலோ சில வருடங்கள் மட்டும் வைத்தது. சிவப்பு நிறமும் பழச் சுவையும் அப்படியே இருக்கும். விலை குறைவு. சொக்லேட்டோடு போகும். இரண்டாவது, பத்து வருடம் என்று எழுதிய டோனி. சிறிய மரப் பீப்பாயில் காற்றுப் பட்டு நிறம் வெளிறித் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். வறுத்த கச்சான், உலர்ந்த பழம், வெல்லப்பாகு போன்ற மணம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கொஞ்சம் குளிரவைத்துக் கொடுத்தால் இனிப்புத் திகட்டாது. மூன்றாவது, எல்பிவி என்ற மூன்று எழுத்து உள்ளது. ஒரே வருடத்து அறுவடை, நான்கு முதல் ஆறு வருடங்கள் வைத்திருந்து போத்தலில் அடைத்தது. வின்டேஜ் என்ற விலை கூடிய போத்தலின் சுவை எப்படி என்று ஓரளவுக்குக் காட்டும். வின்டேஜை முதலில் வாங்க வேண்டாம். அது பல வருடங்கள் போத்தலுக்குள் காத்திருக்க வேண்டியது, திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டியது. ரூபி திறந்த பிறகு இரண்டு வாரம் தாங்கும். டோனி ஒரு மாதம் வரை நிற்கும். கிளாஸில் கால்வாசி போதும். வலு அதிகம் என்பதை இனிப்பு மறைத்துவிடும், அது தெரியாமல் குடித்துத் தடுமாறியவர்களை உணவகத்தில் பார்த்திருக்கிறேன்.

பத்து வருடம் என்று எழுதியிருப்பது கலந்த வைன்களின் சராசரி வயது. இருபது, முப்பது, நாற்பது என்றும் இருக்கிறது. நாற்பது வருட டோனியை ஒரு தரம் கடைக்காரர் சுவைக்கத் தந்தார். அதைப் பீப்பாயில் ஊற்றியவர்களில் எத்தனை பேர் அதைக் குடிக்க இருந்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

பொசிஞ்ஞோ நிலையத்தில் திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். பந்தலுக்கு எத்தனை தூண் வேண்டும் என்று கேட்டேன். அவர் நம்பவில்லை. பிறகு தூண், கம்பி, கிணறு இறைக்கக் கூலி என்று ஒரு கணக்குச் சொன்னார். எல்லாம் முன்பே எழுதி வைத்திருந்திருக்கிறார். அடுத்த கிழமை காசு அனுப்பினேன்.

இப்போது அங்கே பன்னிரண்டு கொடிகள் நிற்கின்றன. ஒன்பது பிடித்துவிட்டன, மூன்று பட்டுப்போயின. பட்ட மூன்றின் இடத்தில் மாரிக்குப் பிறகு வேறு தடி ஊன்றுவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.